பங்காளிச் சண்டையும் பதினாறு கூட்டாளிகளும்

கொரியப் போரை நிறுத்திய ஒப்பந்தம் 1953 ஜூலை 27-ம் தேதி கையெழுத்தானது. அதில் மூன்று தளபதிகளின் கையெழுத்து இருக்கிறது. ஐ.நா. படைத் தலைமைக்காக அமெரிக்க ஜெனரல் மார்க் கிளார்க், வட கொரியாவுக்காகக் கிம் இல் சுங், சீனப் படைக்காகப் பெங் தெஹுவாய். தென் கொரியாவின் கையெழுத்து? தேடினாலும் கிடைக்காது. அதன் அதிபர் சிங்மன் ரீ ஒப்பந்தத்தை ஏற்க மறுத்துவிட்டார். அவர் மறுத்தும் போர் நின்றது. ஏனென்றால் அவருடைய ராணுவம் அவர் கையில் இல்லை.

யாரைக் காப்பாற்ற பதினாறு நாடுகள் கப்பல் ஏறி வந்தனவோ, அவருக்கே சண்டையை நிறுத்துவதில் பேச்சு இல்லை. தொடர்வதிலும் இல்லை. இந்த ஒரு விஷயம் எனக்குள் குடைந்துகொண்டே இருந்ததால்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பன்னாட்டுக் கூட்டணிப் படை என்றாலே நம்மிடம் இரண்டு கட்சிகள்தான். ஒரு கட்சி, "உலகமே சேர்ந்து அநியாயத்தைத் தட்டிக் கேட்டது" என்று கைதட்டும். இன்னொரு கட்சி, "எல்லாம் அமெரிக்கா ஆட்டிவைத்த பொம்மலாட்டம்" என்று கைகழுவும். கொரியாவைப் பற்றிப் படிக்கப் படிக்க இரண்டுமே பாதி உண்மை என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தக் கூட்டணி முதல் மூன்று மாதம் செய்தது சரி. நான்காவது மாதம் செய்தது பெரும் தவறு. அந்தத் தவறுக்கு மெக்ஆர்தர் என்ற ஒரு தளபதியின் திமிரை மட்டும் காரணம் சொன்னால் போதாது. கூட்டு சேர்ந்த விதத்திலேயே கோளாறு இருந்தது.

நான் படிப்பது பி.காம். அதனால் எனக்குக் கூட்டணி என்றதும் ஞாபகம் வருவது பார்ட்னர்ஷிப் பாடம். கூட்டாண்மை தொடங்கும்போது ஒரு பத்திரம் எழுதுவார்கள். தொழில் என்ன, யார் எவ்வளவு முதல் போடுகிறார், யார் முடிவெடுப்பது, எப்போது எப்படிக் கலைப்பது, எல்லாம் அதில் இருக்கும். நெருங்கிய நண்பர்கள்தானே என்று பத்திரம் இல்லாமல் ஆரம்பித்த கடைகள் என்ன கதிக்கு ஆளாகின்றன என்று நமக்கெல்லாம் தெரியும். கொரியாவையும் அந்தக் கண்ணோடு பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் சண்டை எப்படி வந்தது?

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் காலனி. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும் நேரம். வடக்கிலிருந்து சோவியத் படை இறங்கிக்கொண்டிருக்கிறது. அவர்கள் எங்கே நிற்க வேண்டும், அமெரிக்கர்கள் எதுவரை வர வேண்டும் என்று ஒரு கோடு வேண்டும். டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரண்டு அமெரிக்க அதிகாரிகள் நள்ளிரவில் ஒரு நேஷனல் ஜியாகிரபிக் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் 38-வது அட்சரேகையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்டாலினும் சரி என்றார். கொரியர்களில் ஒருவரைக்கூட யாரும் கேட்கவில்லை.

தற்காலிகம் என்று போட்ட கோடு மூன்று வருடத்தில் எல்லை ஆகிவிட்டது. 1948 ஆகஸ்டில் தெற்கே ஒரு அரசு, செப்டம்பரில் வடக்கே ஒரு அரசு. தெற்கே சிங்மன் ரீ, வடக்கே கிம் இல் சுங். இரண்டு பேருமே முழு கொரியாவுக்கும் நானே வாரிசு என்றார்கள். ஒரே தாத்தாவின் சொத்துக்கு இரண்டு பங்காளிகள், வீட்டுக்கு நடுவே அடுத்த ஊர்க்காரன் எழுப்பிய சுவர். இப்படித்தான் இருந்தது நிலைமை.

கிம் இல் சுங் ஸ்டாலினிடம் அனுமதி கேட்டுக் கேட்டு, 1950-ல் வாங்கியும்விட்டார். மாவோவும் தலையசைத்தார். 1950 ஜூன் 25 அதிகாலை வட கொரியப் படை கோட்டைத் தாண்டியது. மூன்று நாளில் சியோல் விழுந்தது. இதில் ஆக்கிரமித்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பின்னால் வெளிவந்த சோவியத் ஆவணங்களும் அதைத்தான் சொல்கின்றன.

அடுத்து பத்திரத்துக்கு வருவோம்.

ஐ.நா. பாதுகாப்புச் சபை இரண்டு வாரத்துக்குள் மூன்று தீர்மானங்கள் போட்டது. ஜூன் 25-ல் எண் 82, சண்டையை நிறுத்தி வடக்கே திரும்பிப் போ என்றது. ஜூன் 27-ல் எண் 83, தென் கொரியாவுக்கு உதவி செய்யுங்கள் என்று உறுப்பு நாடுகளைக் கேட்டது. ஜூலை 7-ல் எண் 84, வரும் படைகளை எல்லாம் அமெரிக்கத் தலைமையின் கீழ் வைத்து, தளபதியை அமெரிக்காவே நியமிக்கட்டும், ஐ.நா. கொடியையும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்றது. சோவியத் யூனியன் வீட்டோ போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். சீனாவின் இடத்தை மாவோவின் அரசுக்குக் கொடுக்கவில்லை என்ற கோபத்தில் அது ஜனவரியிலிருந்து சபைக்கே வரவில்லை!

அப்போது பாதுகாப்புச் சபையில் இந்தியாவும் இருந்தது. ஜூன் மாதத் தலைவரே நம்முடைய பெனகல் நரசிங்க ராவ்தான். முதல் தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. இரண்டாவதை வாக்கெடுப்புக்குப் பிறகு ஏற்றுக்கொண்டது. மூன்றாவதில் ஒதுங்கிக்கொண்டது. ஆக்கிரமிப்பு தவறு என்று சொல்வது வேறு, ஒரு வல்லரசின் தளபதியிடம் ஐ.நா. கொடியைக் கொடுப்பது வேறு என்ற வித்தியாசம் அன்றைக்கே நம்மவர்களுக்குத் தெரிந்திருந்தது.

84-வது தீர்மானத்தை ஒரு கூட்டாண்மைப் பத்திரமாகப் படித்துப் பாருங்கள். நிர்வாகக் கூட்டாளி யார் என்று இருக்கிறது. பெயர்ப் பலகை, அதாவது கொடி, யாருக்கு என்று இருக்கிறது. எப்போது முடிப்பது என்று இல்லை. எந்தக் கோட்டில் நிற்பது என்று தெளிவாக இல்லை. தாக்குதலை முறியடித்து அந்தப் பகுதியில் அமைதியை மீட்பது என்று 83-ல் ஒரு வரி உண்டு, அவ்வளவுதான். "அந்தப் பகுதி" எதுவரை? அவரவர் இஷ்டம்.

போட்ட முதலையும் பார்ப்போம். போர் நின்ற நாளில் ஐ.நா. தலைமையின் கீழ் இருந்தவர்கள் மொத்தம் சுமார் 9 லட்சத்து 33 ஆயிரம் பேர். அதில் தென் கொரியர்கள் 5 லட்சத்து 90 ஆயிரம். அமெரிக்கர்கள் 3 லட்சம். மிச்சம் பதினைந்து நாடுகளும் சேர்ந்து சுமார் 40,000 பேர். பிரிட்டனிலிருந்து 14,000, கனடாவிலிருந்து 6,000, துருக்கியிலிருந்து ஐயாயிரத்துச் சொச்சம் என்று போய், கடைசியில் லக்சம்பர்க்கின் 44 பேரில் முடிகிறது பட்டியல். முதலில் பெரும்பங்கு போட்டது தென் கொரியா. ஆனால் பதினாறு கூட்டாளிகளில் அதன் பெயர் கிடையாது! 1950 ஜூலையிலேயே ரீ தன் ராணுவத்தின் கட்டளை அதிகாரத்தை ஒரு கடிதத்தில் மெக்ஆர்தருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பங்காளி வீட்டுக்காரனே கூலியாள் ஆன கதை.

மற்ற நாடுகள் சும்மா வந்தன என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. துருக்கிக்கும் கிரீஸுக்கும் நேட்டோவில் சேர வேண்டும், 1952-ல் சேர்ந்தார்கள். எத்தியோப்பியாவின் கணக்கு வேறு. 1935-ல் முசோலினியின் இத்தாலி படையெடுத்தபோது ஹைலி செலாசி சர்வதேச சங்கத்தில் போய் முறையிட்டார், யாரும் உருப்படியாக உதவவில்லை. அந்த வலி தெரிந்தவர் கொரியாவுக்குத் தன் மெய்க்காவல் படையிலிருந்தே ஆள் அனுப்பினார். கூட்டணி என்பது முழுக்க நாடகம் என்று சொல்பவர்கள் எத்தியோப்பியாவை மறந்துவிடுகிறார்கள். நாளைக்கு நமக்கு ஒன்று நடந்தால் நாலு பேர் வர வேண்டும் என்ற சின்ன நாடுகளின் பயம் நியாயமான பயம்தான்.

முதல் மூன்று மாதம்

ஆரம்பத்தில் அமெரிக்கப் படையும் அடி வாங்கித்தான் பின்வாங்கியது. ஆகஸ்டில் தென்கிழக்கு மூலையில் பூசன் துறைமுகத்தைச் சுற்றிய சிறு வட்டம் மட்டும் மிச்சம். செப்டம்பர் 15 அன்று மெக்ஆர்தர், சியோலுக்குப் பக்கத்தில் உள்ள இஞ்சோனில், அலை ஏற்ற இறக்கம் பயங்கரமான ஒரு துறைமுகத்தில், படையை இறக்கினார். வட கொரியப் படையின் முதுகெலும்பு உடைந்தது. செப்டம்பர் முடிவதற்குள் சியோல் மீண்டும் தெற்கின் கையில். வடக்குப் படை கோட்டுக்கு அந்தப் பக்கம் சிதறி ஓடிக்கொண்டிருந்தது.

அதாவது, எதற்காக வந்தார்களோ அது முடிந்துவிட்டது. மூன்று மாதம், ஒரு வாரம். இங்கே நிறுத்தியிருந்தால் கொரியப் போர் இன்றைக்குப் பாடப்புத்தகங்களில் ஐ.நா.வின் வெற்றிக்கதையாக இருந்திருக்கும். இதை நான் மனதாரச் சொல்கிறேன். கூட்டணி வந்திருக்காவிட்டால் தென் கொரியா என்ற நாடே இல்லை. அதன் இன்றைய வாழ்வையும் வடக்கின் வாழ்வையும் ஒப்பிட்டுப் பார்க்கிற எவரும் அந்த மூன்று மாதத்தைக் குறை சொல்ல முடியாது.

நான்காவது மாதம்

செப்டம்பர் 27-ம் தேதியே வாஷிங்டனிலிருந்து மெக்ஆர்தருக்கு உத்தரவு போய்விட்டது. சீனாவோ ரஷ்யாவோ இறங்காத வரை 38-வது கோட்டைத் தாண்டி வடக்கே போகலாம். அக்டோபர் 1 அன்று தென் கொரியப் படை தாண்டியது. அக்டோபர் 7 அன்றுதான் ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தது. கொரியா முழுவதிலும் நிலையான சூழலை உறுதி செய்யத் தக்க நடவடிக்கைகள் எடுக்கலாம் என்று பட்டும் படாமலும் ஒரு வாசகம். 47 நாடுகள் ஆதரித்தன. 5 எதிர்த்தன. இந்தியா உட்பட 7 நாடுகள் ஒதுங்கின. பொதுச்சபைக்கு ஏன் போனார்கள் என்றால், ஆகஸ்டிலேயே சோவியத் பிரதிநிதி பாதுகாப்புச் சபைக்குத் திரும்பிவிட்டார், அங்கே வீட்டோ காத்திருந்தது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் நிர்வாகக் கூட்டாளி முடிவெடுத்தார். பிறகு கடை ஆட்கள் வேலையைத் தொடங்கினார்கள். கடைசியில் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். மற்ற கூட்டாளிகள் அப்பாவிகள் என்றும் சொல்ல முடியாது. அந்தத் தீர்மானத்தை முன்னின்று கொண்டுவந்தவர்களில் பிரிட்டனும் ஒன்று. கை தூக்கிய 47 நாடுகளில் பெரும்பாலானவை ஒரு சிப்பாயைக்கூட அனுப்பாதவை. கொரியர்களுக்கோ அந்தச் சபையில் ஓட்டே இல்லை. இரண்டு கொரியாக்களும் ஐ.நா.வில் உறுப்பினர் ஆனதே 1991-ல்தான்.

இதற்கு நடுவே ஓர் எச்சரிக்கை வந்தது. அதைக் கொண்டுவந்தவர் நம் நாட்டுக்காரர். பீஜிங்கில் இந்தியத் தூதராக இருந்த கே.எம். பணிக்கரை அக்டோபர் 3-ம் தேதி, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், சீனப் பிரதமர் சூ என்லாய் வரச் சொன்னார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: தென் கொரியப் படை மட்டும் கோட்டைத் தாண்டினால் அது வேறு விஷயம், அமெரிக்கப் படை தாண்டினால் சீனா சும்மா இருக்காது.

பங்காளிகள் அடித்துக்கொண்டால் எட்ட நிற்போம், வெளியாள் உள்ளே வந்தால் நாங்களும் வருவோம். இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? பணிக்கர் டெல்லிக்குச் சொன்னார், டெல்லி லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் சொன்னது. பணிக்கர் சீனா பக்கம் சாய்ந்தவர், அவர் பேச்சை எப்படி நம்புவது என்று வாஷிங்டன் ஒதுக்கிவிட்டது.

அக்டோபர் 19 அன்று ஐ.நா. படை பியோங்யாங்கைப் பிடித்தது. அதே நாளில் சீனப் படை யாலு நதியைத் தாண்ட ஆரம்பித்தது. நவம்பர் கடைசியில், கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லி மெக்ஆர்தர் தொடங்கிய தாக்குதல், தலைதெறிக்கப் பின்வாங்குவதில் முடிந்தது. 1951 ஜனவரி 4 அன்று சியோல் மறுபடியும் விழுந்தது. மார்ச்சில் மறுபடியும் மீட்கப்பட்டது. ஒன்பது மாதத்துக்குள் ஒரு தலைநகரம் நான்கு முறை கைமாறியது. ஒவ்வொரு முறையும் "அவனுக்கு உதவியவன்" என்று சொல்லி இவன் சுட்டதும், "இவனுக்கு உதவியவன்" என்று சொல்லி அவன் சுட்டதும் நடந்தது.

அதன் பிறகு இரண்டு வருடத்துக்கும் மேல் இழுத்து, 1953-ல் கிட்டத்தட்ட அதே 38-வது கோட்டுக்குப் பக்கத்தில் போர் நின்றது. இறந்த கொரியர்கள் 20 லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அமெரிக்கர்கள் 36,000-க்கு மேல். சீன அரசின் கணக்குப்படியே சீனர்கள் சுமார் 1 லட்சத்து 97 ஆயிரம். கொரியா மேல் அமெரிக்கா போட்ட குண்டுகள் 6 லட்சத்து 35 ஆயிரம் டன், இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பகுதி முழுவதிலும் போட்டதைவிட அதிகம். இதில் 32,000 டன்னுக்கு மேல் நேபாம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது போல, பக்கத்தில் இருந்த ஜப்பானுக்கு மட்டும் அமெரிக்க ராணுவ ஆர்டர்கள் குவிந்தன. 1950-ல் திவாலாகும் நிலையில் இருந்த டொயோட்டா நிமிர்ந்ததே அந்த டிரக் ஆர்டர்களால்தான்.

வடக்கின் கூட்டணி மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கேயும் இதே கதைதான். சீனா வந்ததும் 1950 டிசம்பரில் கூட்டுத் தலைமை அமைந்தது, தளபதி பெங் தெஹுவாய். கிம் இல் சுங் தன் நாட்டிலேயே இரண்டாம் இடத்துக்குப் போனார். வானத்தில் சோவியத் விமானிகள் சீன, கொரிய அடையாளம் பூசிய மிக் விமானங்களில் ரகசியமாகப் பறந்தார்கள். போர் முடிவதற்கு ஸ்டாலினுக்கு அவசரம் இல்லை. 1953 மார்ச்சில் அவர் இறந்த பிறகுதான் பேச்சு வேகம் பிடித்தது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. சீனப் படை 1958-ல் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது.

கூட்டணியால் ஒரு நல்லதும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஒருதலைப்பட்சமாக எழுதியதாகிவிடும். 1950 நவம்பர் 30 அன்று அதிபர் ட்ரூமன் பத்திரிகையாளர் சந்திப்பில், அணுகுண்டைப் பயன்படுத்துவதும் பரிசீலனையில் உண்டு என்கிற மாதிரி பேசிவிட்டார். பிரிட்டிஷ் பிரதமர் அட்லி பதறிப்போய் சில நாட்களில் வாஷிங்டனுக்கே பறந்தார். தனியாகச் சண்டை போடுகிற நாட்டிடம் இப்படி உரிமையோடு போய்க் கேட்க யாருக்கும் வாய்ப்பு இல்லை. கூட்டாளி என்பதால்தான் அவருக்கு அந்தக் கதவு திறந்தது. போரை சீனாவுக்குள் கொண்டுபோக வேண்டும் என்று அடம்பிடித்த மெக்ஆர்தரை 1951 ஏப்ரலில் ட்ரூமன் நீக்கியதற்கும் கூட்டாளி நாடுகளின் கலக்கம் ஒரு காரணம். ஆக, கூட்டணிக்குப் பிரேக் போடும் சக்தி இருந்தது. ஆனால் அந்தப் பிரேக்கை அக்டோபரில் யாரும் மிதிக்கவில்லை. வண்டி பள்ளத்தில் இறங்கிய பிறகு டிசம்பரில்தான் மிதித்தார்கள்.

கைதிகள்

1951 ஜூலை 10-ல் பேச்சுவார்த்தை தொடங்கியது. எல்லைக்கோடு விஷயம் அந்த வருடமே ஓரளவு முடிந்துவிட்டது. மீதி காலமெல்லாம் இழுத்தது கைதிகள் பிரச்சினை. ஊருக்குத் திரும்பிப் போக மாட்டேன் என்கிற கைதியைக் கட்டாயப்படுத்தி அனுப்பலாமா கூடாதா? பேசப் பேச, மலைக்கு மலை சண்டையும் நடந்துகொண்டே இருந்தது.

ரீக்கோ போர்நிறுத்தமே பிடிக்கவில்லை, வடக்கையும் சேர்த்துப் பிடிக்காமல் விடக்கூடாது என்றார். 1953 ஜூன் 18 அன்று யாரையும் கேட்காமல் சுமார் 27,000 கைதிகளை முகாம்களிலிருந்து திறந்து விட்டார். அவர் ரொம்பவும் முரண்டு பிடித்தால் அவரையே பதவியிலிருந்து இறக்கிவிட அமெரிக்க ராணுவம் ஒரு திட்டம் தயாராக வைத்திருந்தது. காப்பாற்ற வந்த வீட்டின் தலைவரையே மாற்றும் திட்டம்! கடைசியில் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றைத் தருவதாகச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினார்கள்.

இந்தக் கைதிகள் விஷயத்தில்தான் இந்தியா உள்ளே வருகிறது. நாம் சண்டை போட ஆள் அனுப்பவில்லை. மருத்துவப் பிரிவு ஒன்றை 1950 நவம்பரிலேயே அனுப்பினோம். 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவு, அதன் தலைவர் தமிழரான லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். 1951 மார்ச்சில் முன்சான் பகுதியில் அமெரிக்கப் பாராசூட் படையோடு இந்திய மருத்துவக் குழுவும் குதித்தது. அவருக்கு மகா வீர் சக்ரா கிடைத்தது. நம்மில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

போர் நின்றதும், திரும்பிப் போக மறுத்த கைதிகளைக் காவலில் வைத்து விசாரிக்க ஐந்து நாடுகளின் நடுநிலை ஆணையம் அமைந்தது. தலைவர் ஜெனரல் கே.எஸ். திம்மையா. மேஜர் ஜெனரல் எஸ்.பி.பி. தோரட்டின் கீழ் சுமார் 6,000 இந்தியச் சிப்பாய்கள் காவல் வேலைக்குப் போனார்கள். இந்தியர்கள் என் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று ரீ சொல்லிவிட்டதால், கப்பலில் வந்த நம் ஆட்களை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போய் இரு நாட்டுக்கும் நடுவில் இருந்த ராணுவமற்ற பகுதியில் இறக்கினார்கள். தெற்குப் பக்கத்திலிருந்து வந்த கைதிகள் 22,000-க்கு மேல், வடக்குப் பக்கத்திலிருந்து 359 பேர். சீனர்களில் சுமார் 14,000 பேர் தைவானுக்குப் போனார்கள். கொரியர்களில் பெரும்பாலோர் தெற்கிலேயே தங்கினார்கள்.

ஆனால் 88 பேர் வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், தைவானும் வேண்டாம் என்றார்கள். அவர்களை என்ன செய்வது என்று தெரியாமல் 1954 பிப்ரவரியில் இந்தியாவுக்கே அழைத்து வந்தார்கள். அவர்கள் வந்து இறங்கியது நம் மதராஸ் துறைமுகத்தில். பிறகு சிலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். அந்தப் போரின் எல்லாத் தீர்மானங்களையும்விட இந்த 88 பேர் எனக்கு முக்கியமாகப் படுகிறார்கள். இரண்டு பக்கக் கூட்டணிகளும் எந்த மக்களுக்காகப் போராடுவதாகச் சொன்னார்களோ, அந்த மக்களில் சிலரிடம் கடைசியாகக் கேட்டபோது வந்த பதில் இது.

எதிர்வாதங்கள்

"கோட்டிலேயே நின்றிருந்தால் வடக்கு மறுபடியும் பலம் சேர்த்து வந்திருக்காதா?" இதுதான் வழக்கமாக வரும் கேள்வி. என் பதில் எளிமையானது. 1953-க்குப் பிறகு என்ன செய்தார்கள்? அதே கோட்டுக்குப் பக்கத்தில் நின்று, அமெரிக்கப் படையை அங்கேயே வைத்து, வடக்கு மறுபடி வராமல் பார்த்துக்கொண்டார்கள். எழுபது வருடத்துக்கும் மேலாக அது தாங்கியிருக்கிறது. இதையே 1950 அக்டோபரில் செய்திருக்கலாம். அப்போது வடக்குப் படை சிதறிக் கிடந்தது, சீனா உள்ளே வரவில்லை. 1953-ஐவிட எளிதாகவே காவல் காத்திருக்கலாம்.

"கொரியர்களே ஒன்றுபட விரும்பினார்களே?" விரும்பினார்கள், உண்மைதான். ஆனால் எந்தத் தலைமையின் கீழ், எவ்வளவு உயிர் கொடுத்து என்று அவர்களிடம் யார் கேட்டார்கள்? ரீ கேட்கவில்லை, கிம்மும் கேட்கவில்லை. வெளியிலிருந்து ஒரு பெரும்படை வந்து நின்றதும், உள்ளே பேசித் தீர்க்க வேண்டும் என்ற நெருக்கடியே இரண்டு பேருக்கும் இல்லாமல் போனது. பின்னால் ஆள் இருக்கிறது என்று தெரிந்த பங்காளி எப்போது சமாதானத்துக்கு வந்திருக்கிறான்?

"ஐ.நா. கொடி இல்லாமல் போயிருந்தால் பரவாயில்லையா?" வியட்நாமைப் பாருங்கள். அதுவும் பிரிக்கப்பட்ட நாடு. 1964-ல் அதிபர் ஜான்சன் "இன்னும் கொடிகள் வேண்டும்" என்று நாடு நாடாகக் கேட்டார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் வந்தன. அமெரிக்காவுக்கு அடுத்தபடி அதிகம் அனுப்பியது யார் தெரியுமா? தென் கொரியா! மொத்தம் 3 லட்சத்துக்கும் மேல் சிப்பாய்கள், சுமார் 5,000 பேர் உயிரிழந்தார்கள். செலவை அமெரிக்கா ஏற்றது, கூடவே கடனும் ஆர்டர்களும் கிடைத்தன. நேற்று இன்னொருவர் கூட்டணியின் களமாக இருந்த நாடு, இன்று இன்னொரு பங்காளிச் சண்டையில் கூலிக்குக் கூட்டாளி. முடிவிலும் அதே கதைதான். 1973 ஜனவரியில் பாரிஸ் ஒப்பந்தம். வட வியட்நாம் படை தெற்கிலேயே இருக்கட்டும் என்ற அதன் நிபந்தனையைத் தென் வியட்நாம் அதிபர் தியூ எதிர்த்தார். நெருக்கிக் கையெழுத்து வாங்கினார்கள். 1975 ஏப்ரல் 30-ல் சைகோன் விழுந்தது. ஐ.நா. கொடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், யாருடைய வீடோ அவர்களுக்குக் கடைசிப் பேச்சு இல்லை என்பதில் மாற்றம் இல்லை.

கலைக்க முடியாத கடை

கொரியாவுக்காக அமைந்த அந்த ஐ.நா. படைத் தலைமை இன்றும் இருக்கிறது. 1975 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஒரே நாளில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியது. இரண்டுமே இந்தத் தலைமையைக் கலைப்பது பற்றி. ஒன்று அமெரிக்கத் தரப்பின் நிபந்தனைப்படி, மற்றது வட கொரிய ஆதரவாளர்களின் நிபந்தனைப்படி. இரண்டும் பாஸ்! எதுவும் நடக்கவில்லை. 1994-ல் ஐ.நா. பொதுச்செயலாளர் பூத்ரோஸ் காலி, இது பாதுகாப்புச் சபையின் கிளை அமைப்பு அல்ல, கலைப்பது அமெரிக்காவின் கையில்தான் இருக்கிறது என்று எழுதினார். ஐ.நா.வின் பெயர், ஐ.நா.வின் கொடி, ஆனால் ஐ.நா.வால் மூட முடியாத கடை. நற்பெயரைக் கொடுத்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தை வாங்க மறந்த கூட்டாளியின் நிலை.

இது வெறும் காகித விஷயம் அல்ல. 2018-ல் இரு கொரியாக்களும் நெருங்கி வந்து, அறுந்து கிடக்கும் ரயில் பாதையைச் சேர்ந்து ஆய்வு செய்ய முடிவு செய்தன. ஆகஸ்டில் தென் கொரிய ரயில் எல்லையைத் தாண்ட ஐ.நா. படைத் தலைமை அனுமதி மறுத்தது. நவம்பர் கடைசியில்தான் அந்த ஆய்வு நடந்தது. தன் ராணுவத்தின் சமாதான காலக் கட்டளை அதிகாரமே தென் கொரியாவுக்கு 1994-ல்தான் திரும்பக் கிடைத்தது. போர்க்கால அதிகாரத்தைத் திருப்பித் தர நாள் குறிப்பதும் தள்ளிப்போடுவதும் அதன் பிறகு பல முறை நடந்தாயிற்று.

பிரிந்து கிடக்கும் ஒரு நாட்டின் சண்டைக்குள் வெளிநாட்டுப் படை போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 1950 ஜூலையில் பூசனில் சிக்கிக்கொண்டிருந்த மக்களிடம் போய் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் போகும் முன் மூன்று விஷயங்களை எழுதிக்கொண்டுதான் போக வேண்டும். எந்தக் கோட்டில் நிற்போம்? அந்த மண்ணின் மக்களுக்கு முடிவெடுப்பதில் என்ன பங்கு? யார் சொன்னால், எந்த நாளில் கிளம்புவோம்? கொரியாவில் முதலாவதை எழுதாததால் மூன்று மாதப் போர் மூன்று வருடப் போரானது. இரண்டாவதை எழுதாததால் ஒப்பந்தத்தில் தென் கொரியாவின் கையெழுத்து இல்லை. மூன்றாவதை எழுதாததால் சொந்த அண்ணன் தம்பி ஊருக்கு ரயில் விடக்கூட இன்னொருவரிடம் மனு போட வேண்டியிருக்கிறது.

1953-ல் கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டும்தான், சமாதான ஒப்பந்தம் இன்றுவரை வரவில்லை. பிரிந்துபோன குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்று தென் கொரிய அரசிடம் பெயர் பதிவு செய்தவர்கள் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல். அதில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் இருக்கும் அம்மாவையோ தம்பியையோ பார்க்காமலே இறந்துவிட்டார்கள்.